ஒச்சம்மாவின் ஏழு தடுமாற்றங்கள்

போன மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன் நான். ஆனால் மாட்டிக்கொண்டது என் மனைவி ஒச்சம்மா. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் மகன் முத்துராஜ் பிறந்து வளர்ந்தது இங்கே அந்தமானில், ரங்கத்தில்தான். பதினெட்டு வருஷமாக மதுரையில் இருக்கிறான். நான் விழுந்த செய்தி கேட்டுப் பறந்து வந்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். குளியலறைக்கு ரப்பர் விரிப்பு போட்டான், பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தான். அந்தக் கம்பி இல்லாமல் இப்போது என்னால் குளிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் இன்னும் இரண்டு சாமான்களை மாட்டினான். ஒன்று, கூடத்துச் சுவரில் தீப்பெட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் கேமரா கிடையாது. ஆனாலும் யாராவது கால் இடறினாலோ விழுந்தாலோ மதுரையில் இவன் போனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இன்னொன்று, அடுப்படிக்கு இறங்கும் படிக்கு மேலே ஒரு விளக்கு. இருட்டு நேரத்தில் ஆள் நடந்தால் தானாக எரியுமாம். அதன் சுவிட்சு மேல் டேப் ஒட்டினான்.

"இத யாரும் தொடாதீங்கப்பா. கனெக்‌ஷன் போயிரும். எல்லாத்தையும் நான் அங்கருந்தே பாத்துக்கிறேன்."

நவம்பர் பிறந்ததும் வினை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "அம்மா இந்த வாரம் நாலு தடவ தடுமாறியிருக்காங்க. அடுப்படிப் பக்கம் அவங்கதானே போவாங்க?" அடுத்த வாரம் ஐந்து. டிசம்பரில் ஏழு.

"ஏழாப்பா? தினம் ஒண்ணு! அம்மாவுக்குக் கால்ல தெம்பு இல்ல. இனி அங்க தனியா இருக்க வேணாம். ரெண்டு பேரையும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன். டிக்கெட் போட்டாச்சு."

ஒச்சம்மா கீரையை ஆய்ந்துகொண்டே அழுதாள். "மதுரையில அவன் வீட்டு நாலாவது மாடில கோழி வளக்க முடியுமாங்க?" என்று கேட்டாள். அறுபத்தேழு வயதில் பாக்குமரத் தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்து மூச்சு வாங்காமல் பேசுகிறவள் அவள். அவளுக்கா காலில் தெம்பு இல்லை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பெட்டி சொல்வதை மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அவள் தினமும் அந்தப் படியில் இடறத்தான் செய்தாள்.

"நான் போறப்ப வெளக்கு எரியவே மாட்டேங்குதே" என்று அவள் ஒருமுறை சொன்னது உண்மை. "அதுக்கு அதோட நேரம் தெரியும்டி" என்று வாயை அடைத்தவன் நான். முப்பத்தாறு வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன். மேலிடத்து உத்தரவைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. டேப்பைப் பிரித்தால் அந்தப் பெட்டி அதையும் போட்டுக்கொடுத்துவிடுமோ என்ற பயம் வேறு.

சொன்னபடி வந்துவிட்டான். போர்ட் பிளேயரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். மூட்டை கட்டாமல் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பையை வைத்துவிட்டு, "அம்மா, டீ போட்டீங்களா?" என்று அடுப்படிப் பக்கம் நடந்தான்.

தொப்பென்று ஒரு சத்தம். அதோடு அவன் சட்டைப் பையிலிருந்து போன் அலற ஆரம்பித்தது. "வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டார்! வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டார்!"

அடுப்படிக்குள்ளிருந்து ஒச்சம்மா பதறினாள். "அரே, க்யா ஹுவா? என்னங்க, விழுந்துட்டீங்களா?"

"நான் இல்லடி! ஒம் மவன்!"

எனக்கு வாயெல்லாம் பல். பெற்ற பிள்ளை விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடி ஒன்றும் இல்லை. படியில் உட்கார்ந்தபடியே மேலே பார்த்தான். "ஏம்பா லைட் எரியல? மணி என்ன?"

"அஞ்சு இருவது."

"அஞ்சு இருவதுக்கா இம்புட்டு இருட்டு?"

ஒச்சம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்டா, டிசம்பர் மாசம் ரங்கத்துல அஞ்சு மணிக்கே பொழுது சாஞ்சிராதா? நீ இங்கதானே பொறந்த?"

அவன் போனைத் தடவிப் பார்த்தான். விளக்குக்கு அவன் வைத்திருந்த நேரம் மாலை ஆறரை. அது மதுரைக்குப் பொருந்தும் நேரம். ஒச்சம்மாவின் தடுமாற்றங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். ஐந்து பத்து, ஐந்தே கால், ஐந்தரை. கோழிகளை அடைத்துவிட்டு அவள் உலை வைக்கப் போகும் நேரம். ஆறரைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

ஆறரையை நாலரையாக மாற்றினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒச்சம்மா அவனை எழுப்பிவிட்டு, வேண்டுமென்றே படியில் மூன்று முறை ஏறி இறங்கிக் காட்டினாள். மூன்றாவது முறை ஒரு சுற்று சுற்றியும் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் மணிக்கட்டு வலித்தது.

முத்துராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க காலு நல்லாத்தான்மா இருக்கு. நான்தான் நம்ம ஊரு இருட்ட மறந்துட்டேன்" என்றான். எனக்குக் கண் கலங்கியது.

பிறகு அதே படியில் உட்கார்ந்து மதுரைக்கு, அவன் மனைவி சங்கவிக்குப் போன் போட்டான்.

"அவங்க ரெண்டு பேரு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிரு. ஆமா, வரல. இல்ல, இப்ப இந்த வீட்ல விழுறது நான் மட்டுந்தான்."