வேம்புலியின் கோட்டுப் பொத்தான்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இதைச் சொல்லும் நான், ஏகாம்பரம், வயது எழுபத்தொன்பது, ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் தேவா, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பேண்டு தலைவர் ஜெகதீசனின் மகன் ஹேமநாதன். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்யும் கார்த்திகேசன், அறை அவருடையது. அவற்றை மறுபடி வெளியிடும் நிறுவனத்திலிருந்து வந்த சபீனா. ஆறாவதாக ஒருவர் இல்லை. 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று இப்போது சொல்லித் திரிகிற எவரும் அங்கே இல்லை.

விஷயம் இதுதான். மௌண்ட் ரோட்டு ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடனத்துக்கு வாசித்தது ஜெகதீசன் பேண்டு. 1956-இல் ஒரே பகலில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஸ்விங் என்று சொல்கிற ஜாஸ். கேட்கிறவனின் கால் தானாகத் தாளம் போடும். ஆறு பாட்டிலும் நடுவில் நிற்பது டெனர் என்கிற தடித்த குரல் சாக்ஸபோன். அந்த டேப் அறுபத்தெட்டு வருஷம் ஹேமநாதன் வீட்டுப் பரணில் கிடந்தது. பல ஊர்களின் பழைய ஸ்விங் சாக்ஸபோன் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து உயர்தர ஒலியில் வெளியிடும் சபீனாவின் நிறுவனம் இதையும் வரிசையில் சேர்த்துக்கொண்டது. ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்துக்கு ஹேமநாதன் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு வரி: 'சாக்ஸபோன் தனி வாசிப்புகள் அனைத்தும் என் தந்தை ஜெகதீசனுடையவை. வாத்தியப் பெட்டிகளைச் சுமந்து வந்து உதவியவர் வேம்புலி.'

வேம்புலி என் அப்பா.

பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட சபீனா, தேவாவுக்கு அந்தக் கட்டுரையையும் அனுப்பி வைத்தார். அதனால்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் அப்பா பெயரே இல்லாமல் புத்தகம் வந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பெட்டி தூக்குவது இழிவு என்று நான் சொல்லவில்லை. இரும்பு தூக்கித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் உலகப் போரில் ராணுவ பேண்டில் நோட்டுப் பார்த்து வாசிக்கப் பயின்ற ஒரு மனிதரின் வாசிப்பைப் பறித்துக்கொண்டு, அவர் தலையில் பெட்டியை ஏற்றி வைப்பதை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கட்டுரை வந்த நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றார் சபீனா. நாளைக்கே எல்லாரும் எதிரில் உட்கார வேண்டும் என்றேன் நான்.

கார்த்திகேசனின் வீடு திருமுல்லைவாயிலில், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில். படுக்கையறையை ஒலிக்கூடமாக மாற்றி, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்திருந்தார். என் மார்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். நாங்கள் போனபோது ஹேமநாதன் அங்கிருந்த ஒரே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ஏகாம்பரம். ஒடம்பு எப்படி இருக்கு?"

அவர் அப்பா என் அப்பாவை 'டேய் வேம்புலி' என்பார். மகன் 'டேய்'யை மட்டும் விட்டிருக்கிறார். என்னைவிட எட்டு வயது இளையவர்.

"ஒடம்பப் பத்திப் பேச வரல," என்றேன்.

தேவா நின்றுகொண்டே ஆரம்பித்தான். "சார், எங்க தாத்தா பொட்டி தூக்குனவருன்னு எழுதிகீறீங்களே, நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு அப்போ மூணு வயசுப்பா. அப்பா சொன்னதுதான்."

"மூணு வயசுல கேட்டத இம்மாங் கரெக்டா ஞாபகம் வச்சிகினு கீறீங்க. பெரிய மூளை சார் உங்களுக்கு."

சபீனா குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று தெரிந்தது.

"கோவப்படாதீங்க அங்கிள்," என்றார் என்னிடம்.

"என் பேரு ஏகாம்பரம். அங்கிள் வேணாம்மா."

ஹேமநாதன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். "அப்பா டெனர் வாசிச்சாருன்னு மெட்ராசுக்கே தெரியும். வேம்புலியும் பின்வரிசையில கொஞ்சம் வாசிச்சிருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா தனியா எழுந்து நின்னு வாசிக்கிறதுன்னா அது தலைவர்தானே?"

"வேம்புலின்னு நீங்க சொல்றது எங்கப்பா. அவர் எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் பெரியவர்."

"சரி. பெரியவர் வேம்புலி."

"அங்கிள்... சார், ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார் சபீனா. "நீங்க அனுப்பின ஃபோட்டோல அவர் கையில வாத்தியம் இருக்கு. ஆனா இந்தப் பாட்டை அவர்தான் வாசிச்சாருன்னு காட்டணுமே."

"இருக்கு. அந்த டேப்புலயே இருக்கு."

சொன்னேன். பேண்டில் டெனர் சாக்ஸபோன் இரண்டு. ஜெகதீசனுடையது லண்டனிலிருந்து கப்பலில் வந்த புதுசு. அப்பாவுடையது ராணுவம் கழித்துப் போட்டது. சாக்ஸபோனின் அடிப்பக்கம் பெரிய மூடி ஒன்று உண்டு. வலது சுண்டுவிரலால் அழுத்தினால் அது மூடிக்கொண்டு ஆகக் கீழான சுரங்களில் ஒன்று பேசும். விரலை எடுத்தால் மூடி எழும்பி மேலே ஒரு கம்பித் தடுப்பில் போய் இடிக்கும். சத்தம் கேட்காமலிருக்க அந்த இடத்தில் கம்பளித் துண்டு வைத்திருப்பார்கள். மெட்ராஸ் ஈரத்தில் கம்பளி ஊறிப் பருத்து மூடியைச் சரியாக எழவிடாது. அப்பா அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, தன் ராணுவக் கோட்டின் கொம்புப் பொத்தான் ஒன்றை அரக்கு வைத்து அங்கே ஒட்டினார். அன்றிலிருந்து அந்தக் கீழ்ச்சுரத்தை விட்டு விரல் எடுக்கும்போதெல்லாம் மூடி பொத்தானில் பட்டு 'டக்' என்று ஒரு சத்தம். மேடையில் யாருக்கும் கேட்காது. வீட்டில் அவர் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்த 'டக்'கை எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

"எவ்ளோ சின்ன சத்தமா இருந்தாலும் விடாம கேக்க வச்சிருக்கோம்னு விளம்பரத்துல பெருமையா போட்டிருக்கீங்களே," என்றேன். "போடுங்க, கேப்போம்."

கார்த்திகேசன் சுத்தம் செய்து முடித்த பதிவைப் போட்டார். முதல் பாட்டு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ஒரு மனிதர் நின்று ஊதுவதுபோல இருந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு கீழ்ச்சுரம் வந்தது. போனது. 'டக்' இல்லை. இரண்டாம் முறை வந்தது. இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

"பொத்தான் அறுந்துடுச்சா ஏகாம்பரம்?" என்றார் ஹேமநாதன்.

தேவா அவரை நோக்கி ஓர் அடி வைத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் காது பழுது என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அப்போதுதான் கார்த்திகேசன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சார், டேப்புல டிக் டிக்குன்னு நிறைய இருந்துச்சு. பழைய டேப்புல சேர்ற அழுக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"அழுக்கா?"

"கம்ப்யூட்டரே எடுத்துடும் சார். ஆனா அப்படி எடுத்தா வாத்தியமும் சேர்ந்து அடிபடும். அதனால ஒவ்வொண்ணா கையால எடுத்தேன். ரெண்டு வாரம் ஆச்சு."

அந்த இரண்டு வாரத்தை அவர் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. அதுதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"ஏன் தம்பி, எங்கப்பா விரல் பட்ட சத்தத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வெளிய எறிஞ்சிட்டு, மிச்சத்துக்கு உயர்தரம்னு பேரு வச்சிருக்கீங்களா? யாரைக் கேட்டீங்க? கேக்கணும்னு கூடத் தோணலையா?"

"மாமா, குந்து. பிரஷர் ஏறிக்கும்."

"ஏறட்டும்."

கார்த்திகேசன் முகம் வெளிறியிருந்தது. "சுத்தம் பண்றதுக்கு முன்னாடி டேப்புலேர்ந்து இறக்கின காப்பியை நான் எப்பவும் அழிக்க மாட்டேன் சார். அப்படியே இருக்கு. ஒரு நிமிஷம்."

அதைப் போட்டார். இரைச்சல் இருந்தது, மழைக்கு முன் காற்று வீசுவதுபோல. அதன் நடுவில் அதே வாசிப்பு. கீழ்ச்சுரம் வந்தது. விரல் எழுந்தது.

டக்.

நான் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மறுபடி வந்தது, டக். தேவா என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"டேப் சத்தமாக்கூட இருக்கலாம்," என்றார் ஹேமநாதன்.

"இல்ல சார்," என்றார் கார்த்திகேசன். "டேப் சத்தம் எங்க வேணா வரும். இது அந்த ஒரு சுரம் முடிஞ்சதும் மட்டுந்தான் வருது. எடுக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும். என் தப்பு."

"சரி, அந்த வாத்தியந்தான்னு வச்சுப்போம். அப்பா அதை வாங்கி வாசிச்சிருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். "ஒருத்தர் வாய் வச்ச வாத்தியத்துல இன்னொருத்தர் வாய் வைக்கிறது அந்த பேண்டுல கிடையாது. ட்ரம்பெட் வாசிச்ச ஒருத்தருக்குக் காசநோய் வந்து செத்துப் போனார். அதுக்கப்புறம் உங்கப்பாவே போட்ட சட்டம் அது. பெட்டிக்குப் பெட்டி பேரு எழுதின தகடு அடிச்சாங்க. வாத்தியம் ரிப்பேருக்குப் போன வாரம் எங்கப்பா வீட்டுல சும்மா உக்காந்திருந்தாரே தவிர, இன்னொருத்தருதைத் தொடல. உங்கப்பாவும் தொட மாட்டார். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

ஹேமநாதன் சொல்லவில்லை. "அப்பா அதுல ரொம்பக் கறாரு," என்றார், தரையைப் பார்த்து.

இரண்டாவது பாட்டு. டக். மூன்றாவது. நான்காவது. ஹேமநாதன் தலை நிமிரவே இல்லை. கேட்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. கைகளைத் தொடைமேல் விரித்து வைத்து நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மெதுவாகப் போகும் பாட்டு. இந்த ஒரு பாட்டுக்காகத்தான் மொத்த ஆல்பமும் என்று சபீனா முன்பே சொல்லியிருந்தார். அப்பா வீட்டில் இதை வாசித்து நான் கேட்டிருக்கிறேன். என் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கி வாசிக்க வைத்ததும் இதைத்தான். பதிவு செய்ததும் அவரே என்று ஐம்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கீழ்ச்சுரம் வந்தது. நீண்டு நின்றது. விரல் எழுந்தது.

ஒன்றுமில்லை.

அடுத்த முறையும் ஒன்றுமில்லை. ஏழு முறை அந்தச் சுரம் வந்தது. ஏழு முறையும் மூடி கம்பளியில் போய் அமர்ந்தது, ஓசையில்லாமல். ஆறாவது பாட்டில் டக் திரும்பி வந்தது.

பாட்டு முடிந்ததும் ஹேமநாதன் பெருமூச்சு விட்டார். "எழுதுங்க சபீனா. ஆறுக்கும் வேம்புலின்னே போட்டுடுங்க. அந்தப் பெட்டி வரியை எடுத்துடுங்க."

சபீனா பேனாவை எடுத்தார். கார்த்திகேசன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. தேவாவுக்கும் தெரிந்திருந்தது. என் காதருகே குனிந்தான்.

"மாமா, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தாத்தா ஜெகதீசன் வாத்தியத்த வாங்கி ஊதிகீலாம்ல? கம்னு இரு. அவரு புள்ளையே சொல்லிகீறாரு."

"வாங்க மாட்டாருன்னு இப்பதாண்டா சொன்னேன்."

"நீ சொன்னது அவுங்களுக்கு. எனக்கில்ல."

இந்த வயதில் என் சொந்த ரத்தத்திடமிருந்து இப்படி ஒரு யோசனை. வந்ததிலிருந்து இருந்த கோபமெல்லாம் சேர்ந்து ஹேமநாதன் பக்கம் திரும்பியது.

"ஆறுக்கு இல்ல," என்றேன். "அஞ்சுக்கு. அஞ்சாவது பாட்டு எங்கப்பா வாசிச்சதில்ல. அது உங்கப்பா."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"என்ன சொல்றீங்க?"

"ஏழு தடவை கீழ்ச்சுரம் வந்துச்சு. ஒரு தடவைகூடப் பொத்தான் சத்தம் இல்ல. நீங்க இங்கயேதானே உக்காந்திருந்தீங்க? எங்கப்பா வாசிச்சதை உங்கப்பாதுன்னு எழுதினீங்க. உங்கப்பா வாசிச்சதை எங்கப்பாதுன்னு தூக்கிக் குடுக்கறீங்க. பெத்தவர் மூச்சு ஒரு கை தூரத்துல கேக்குது, உங்களுக்கு அடையாளம் தெரியல. நீங்க எதுக்குக் கட்டுரை எழுதறீங்க?"

ஹேமநாதன் கார்த்திகேசனைப் பார்த்தார். கார்த்திகேசன் தலையசைத்தார்.

"அதை இன்னொரு தடவை போடறீங்களா?" என்றார் ஹேமநாதன்.

போட்டார்கள். நான் எழுந்து கதவருகே நின்று அது முடியும்வரை கேட்டேன். நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பிறகு சபீனாவிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒவ்வொரு பாட்டுக்கு எதிரிலும் வாசித்தவர் பெயர் போட வேண்டும். எடுத்து எறிந்த 'டக்' ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார் கார்த்திகேசன். ஆகட்டும் என்றேன். ஹேமநாதன் வாசல்வரை வந்து கை நீட்டினார். நான் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். எழுதிய அந்த வரிக்கு அவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

தேவா வண்டியைக் கிளப்பினான். பிறகு, "வெலை போகாத ஆளு மாமா நீ," என்றான். பாராட்டா, திட்டா என்று நான் கேட்கவில்லை.

ஆல்பம் தாமதமாக வெளிவந்தது. ஐந்து பாட்டுக்கு எதிரில் வேம்புலி என்று இருக்கிறது. இப்போது எங்கள் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. ஆறு பாட்டையும் வாசித்தது வேம்புலிதானாம். ஹேமநாதன் அழுததைப் பார்த்து மனமிரங்கி ஏகாம்பரம் ஒன்றை அவருக்கு விட்டுக்கொடுத்தாராம். போன மாதம் கரையான்சாவடியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் முகத்துக்கு நேராகவே இதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஹேமநாதன் அழவில்லை. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தாவது பாட்டை வாசித்தவர் ஜெகதீசன்.