நாற்பது கையெழுத்துகள்

பட்டறைக்காரருக்கும் படகுத்தளத்துக்காரருக்கும் பதினோரு வருடப் பழக்கம். ஒருவர் சங்கிலி செய்வார். மற்றவர் அந்தச் சங்கிலியில் படகைத் தூக்கி நிறுத்திப் பழுதுபார்ப்பார். ஒரு நாள் சங்கிலி அறுந்தது. தொங்கிக்கொண்டிருந்த படகு விழுந்து இரண்டாகப் பிளந்தது. அடியில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேரும் அப்போதுதான் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள்.

“சங்கிலி சொத்தை” என்றார் படகுக்காரர். “அளவுக்கு மேல தூக்கியிருக்கீங்க அண்ணே” என்றார் பட்டறைக்காரர். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போவதில்லை, இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவர் சொல்வதே முடிவு என்று அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அப்படித்தான் நடுவராக ஓர் அம்மாளிடம் வந்தார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையோடு இருந்தார்.

ஓர் அச்சகத்தின் மாடியில் அறை வாடகைக்குப் பிடித்தார்கள். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜையில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். முதல் அமர்வில் பட்டறைக்காரர் பத்தொன்பது சோதனைச் சான்றிதழ்களை எடுத்து வைத்தார். சங்கிலி ஒன்றுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றையும் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாகக் கீழே சோதனையாளரின் கையெழுத்து.

“அவரையே கூப்பிடுங்க, நான் ரெண்டு கேள்வி கேக்கணும்” என்றார் படகுக்காரர்.

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “அவர் என் அத்தான்தான். தவறிட்டாரு. இந்த மூணாம் தேதி வந்தா ஏழு மாசம்.”

படகுக்காரரும் குரலைத் தாழ்த்தி வருத்தம் சொன்னார். அன்று அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து நடுவர் தாள்களை மேஜையில் பரப்பினார். பதினைந்தாவது தாள் வரை எல்லாம் ஒழுங்கு. பதினாறாவதில் தேதி பன்னிரண்டு. அதே மாதம். அதாவது, அந்த மனிதர் இறந்து ஒன்பது நாள் கழித்து. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, மூன்றும் அதற்கும் பிறகு. அறுந்த சங்கிலியின் எண் பதினேழாவது தாளில் இருந்தது.

போலி என்றுதான் முதலில் நினைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முதல் எழுத்தின் சுழி, கடைசிக் கோட்டின் கீழ்நோக்கிய இழுப்பு, எல்லாம் ஒரே கைதான். ஆனால் இந்த நான்கில் மட்டும் கோடு லேசாக நடுங்கியிருந்தது. படுத்துக்கொண்டு போட்டது போல.

அடுத்த அமர்வுக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு தரப்பிடம் தனியாகப் பேசுவது நடுவருக்கு ஆகாது. யாரிடமும் வாய் திறக்க முடியாமல் அந்த ஆறு நாளும் அவர் அந்தக் கையெழுத்தோடு குடித்தனம் நடத்தினார். பால் கணக்கில் அதைப் பார்த்தார். சுவரில் விழுந்த கொடிக்கம்பி நிழலில் பார்த்தார். குளிக்கும்போது கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தால் விரல் தானாக அந்தச் சுழியைப் போட்டது. முகம் தெரியாத ஒருவர் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு தன்னை எதற்கோ கூப்பிடுவது போல இருந்தது.

“என்னக்கா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் தங்கை.

“பேய் அடிக்கலடி. கையெழுத்துப் போட்டிருக்கு.”

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாம் அமர்வில் நான்கு தாள்களையும் இருவர் முன்னாலும் வரிசையாக வைத்து, தேதிகளை வாசித்தார் நடுவர். பட்டறைக்காரர் முகம் வெளிறியது. “தேதி மாறி விழுந்திருக்கும் மேடம்.”

“நாலுலயுமா?” என்றார் படகுக்காரர். “ஃபோர்ஜரி மேடம் இது.”

“கையெழுத்தை அடையாளம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்” என்றார் நடுவர். இறந்தவரின் மனைவியை வரவழைக்க இருவரும் சம்மதித்தார்கள். பட்டறைக்காரர் தாள்களைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். அவள் அவருடைய சொந்த அக்கா.

மூன்றாம் அமர்வுக்கு அவள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தாளைக் கையில் எடுக்காமல், குனிந்து பார்த்தாள்.

“அவர் கையெழுத்துதான்.”

பட்டறைக்காரர் மூச்சு விட்டார். படகுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அப்போ செத்தவர் எழுந்து வந்து போட்டாரா?”

“உயிரோட இருந்தப்போ போட்டது” என்றாள் அவள். “வெத்துத் தாள்ல.”

கீழே மெஷின் நின்றிருந்தது. அவள் நடுவரைப் பார்த்தே பேசினாள். “கடைசி வாரம். எழுந்து உக்கார முடியல. தம்பி ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தான். ‘அத்தான், நீங்க தேறி வர்ற வரைக்கும் வேலை நிக்கக் கூடாது, போட்டு வைங்க’ன்னான். தலகாணி மேல பலகை வெச்சு நான்தான் ஒவ்வொண்ணா புடிச்சேன். நாப்பது தாள். இவர் ஒரு நாளும் செயினைப் பாக்காம கையெழுத்துப் போட்டது இல்லைம்மா. அன்னிக்குப் போட்டாரு. தம்பி சோறு போடுறானேன்னு போட்டாரு.”

“அக்கா, போதும்” என்றார் பட்டறைக்காரர்.

“அப்புறம் தூங்கவே இல்லை. ‘எத்தனை போட்டேன்? மிச்சம் எங்க?’ இதே கேள்வி, சாகுற வரைக்கும். இப்பவும் கேக்குது. நான் சமையல்ல இருந்தாலும் ரூம்லேருந்து கேக்குது. எனக்குச் சித்தம் கலங்கிடுச்சுன்னு சொல்றவங்க சொல்லட்டும். பதில் தெரிஞ்சா சொல்லிடுவேன். தெரியலையே.”

நடுவர் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். “இங்க நாலு இருக்கு. மிச்சத் தாள் வேற யாருக்காவது போன செயினோட போயிருக்கா?”

“அது இந்தத் தகராறுல இல்லீங்களே மேடம்.”

அவர் சொன்னது சரி. இந்த ஒப்பந்தத்தைத் தாண்டி ஒரு சொல் தீர்ப்பில் எழுத நடுவருக்கு அதிகாரம் கிடையாது. அதைவிட மோசம், அறைக்குள் பேசுவது எதுவும் வெளியே போகக் கூடாது என்று அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. இரண்டு தரப்பும் மனம் ஒத்தால்தான் அந்தப் பூட்டைத் திறக்கலாம்.

“நான் சம்மதிக்கிறேன்” என்றார் படகுக்காரர் உடனே. “என் ஆளுங்க டீக்குப் போனாங்க, பொழச்சாங்க. எல்லா இடத்துலயும் டீ வருமா?”

“பட்டறை படுத்துரும் அண்ணே. முப்பது குடும்பம். ஊர் பூரா என் பேர் நாறிப்போகும்.”

அக்காதான் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, நீ நல்லவன்தான்டா. ஒரு நாள் வந்து அந்த ரூம்ல உக்காரு. பகல்லயே வா. உனக்குக் கேக்கலைன்னா நான் இதைப் பத்தி இனி வாயே திறக்கல.”

அவர் போனாரா, போய் என்ன கேட்டார் என்று நடுவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை படகுக்காரரும் அவரும் சேர்ந்தே மாடியேறி வந்தார்கள். பட்டறைக்காரர் நான்கு நாளாக முகம் மழிக்கவில்லை. பூட்டைத் திறக்கும் சம்மதக் கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். பிறகு பட்டறைக்காரர் ஒரு பட்டியலை வைத்தார்: ஆறு இடங்கள், பதின்மூன்று சங்கிலிகள். ஆறு பேரிடமும் அவரே போய் நின்று, தாள் பொய், சங்கிலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒருவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். பதின்மூன்றும் வந்துவிட்டன. சோதித்துப் பார்த்ததில் இரண்டு அறுந்தன.

எழுதாமல் மிஞ்சிய தாள்களையும் கொண்டுவந்திருந்தார். நடுவர் எண்ணினார். நான்கும் பதின்மூன்றும் பதினேழு. மிச்சம் இருபத்து மூன்று இருக்க வேண்டும், இருபத்திரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். படகுக்காரர் எண்ணினார்.

“அக்கா தப்பா எண்ணியிருக்கும்” என்றார் பட்டறைக்காரர். அவருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. உடனே போன் போட்டார். “நாப்பதுடா. அவரும் எண்ணினாரு, நானும் எண்ணினேன்” என்று மறுமுனையில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பட்டறையின் விற்பனைப் பதிவில் அந்த நாற்பதாவது தாளோ அதோடு போன சங்கிலியோ இல்லை. ரொக்கத்துக்கு வந்து வாங்கிப்போன யாரோ. அந்த மாதம் அத்தான் இல்லாத குழப்பத்தில் பதிவும் சரியாக எழுதவில்லை.

தீர்ப்பு எழுதினார் நடுவர். பொய்ச் சான்றிதழுக்குப் பட்டறைக்காரர் பொறுப்பு. படகுக்கு அவர் ஈடு தர வேண்டும். வாங்கியவரும் ஒப்பந்தப்படி தன் பங்குக்குச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதால் ஈட்டில் ஒரு பகுதி குறையும். படகுக்காரர் முணுமுணுத்தார், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். பட்டறை படுக்கவில்லை, பாதியாகச் சுருங்கியது. சனிக்கிழமைகளில் பட்டறைக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிடங்கு, கல்லுடைக்கும் இடம், லாரி ஷெட் என்று அலைந்து தன் முத்திரை உள்ள சங்கிலியைத் தேடுவதாகப் படகுக்காரர் ஒருமுறை சொன்னார்.

அந்தக் கோடையில் நடுவர் தங்கையோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதி எழும்பிய கட்டடம் ஒன்றில் செங்கல் தட்டு சங்கிலியில் மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே இருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தள்ளி நில்லுங்கப்பா!” என்று கத்தினார் நடுவர். அவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். மேஸ்திரி வந்தார். சங்கிலியின் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார் நடுவர். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து, மேஸ்திரி தட்டை இறக்கச் சொல்லிக் கடைசி வளையத்தைத் துடைத்துக் காட்டினார். வேறு பட்டறை முத்திரை.

“அதான் இல்லைன்னு தெரிஞ்சிடுச்சே, வாக்கா” என்றாள் தங்கை.

“நீ போ, வர்றேன்” என்றார். தட்டு மறுபடி மேலே போய், காலியாகி, ஆடியபடி மெல்ல இறங்கித் தரையைத் தொடும்வரை அவர் அங்கேயே வெயிலில் நின்றார்.