அளவு ஜாக்கெட்

தகட்டை உருவிவிட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை, கவசத்தின் முன்பக்க உறையில் அடிமடிப்புக்குள் விரலை நுழைத்துப் பிரித்தால் அந்தக் கனத்த தகடு தானாகவே வழுக்கிக் கைக்கு வந்துவிடும், அதை வேனில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறும் உறையோடு வரிசையில் போய் நின்றால் யாருக்குத் தெரியப் போகிறது... கமர் நிஷா அதைத்தான் சொன்னாள், சற்று முன்பு, பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறவளைப் போலக் குனிந்துகொண்டு. “ஏட்டி டார்லின், நேத்து நான் உருவிட்டுத்தான் ஓடுனேன். ஒருத்தரும் தட்டிப் பாக்கல. தேறிட்டேம்லா? இங்கன நம்மள இப்ப எவன் சுடப் போறான், சொல்லு.” கேள்வி நியாயமானதுதான். மலையடிவாரத்துச் சுடுதளத்தில் காலை வெயில் இப்போதுதான் இறங்குகிறது, எதிரே இருப்பவை அட்டை மனிதர்கள், அவர்கள் திருப்பிச் சுடுவதில்லை. ஆனால் தேறிய பிறகு? அதிரடிக் குழுவில் இரண்டு பெண்களைச் சேர்க்கலாம் என்று முதன்முறையாக முடிவாகியிருக்கிறது, கமர் தேறிவிட்டாள், மிச்சமிருப்பது டார்லின் ஒருத்தி, இன்றைக்கும் குறி தவறினால் பாளையங்கோட்டை ஸ்டேஷனின் வரவேற்பு மேசைக்கே திரும்ப வேண்டியதுதான், “புகார் எழுதியாச்சா, உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே ஓய்வுபெற்றுவிடலாம். வேண்டாம். அந்த மேசை வேண்டாம். தகடு இல்லாமலும் வேண்டாம். இதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை, மற்றதெல்லாம் சந்தேகமாகவே இருந்தது.

முன்னே நிற்கும் ஆண்களுக்கு அந்தக் கவசம் எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தாள், கழுத்துக்குழியில் தொடங்கித் தொப்புளுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, பக்கவாட்டுப் பட்டைகள் விலாவை அணைத்துக்கொள்கின்றன, அவர்களுக்கு இருப்பது சட்டை, தனக்கு இருப்பது பெட்டி... கதவைக் கழற்றி முன்னாலும் பின்னாலும் கட்டிவிட்டதைப் போல. தகடு இடுப்பெலும்பு வரை இறங்கியது, அக்குளுக்குக் கீழே உள்ளங்கை நுழையும் அளவுக்கு இருபுறமும் இடைவெளி, காக்க வேண்டிய இடத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காக்க அவசியமில்லாத இடத்தை மூடியிருந்தது. முழங்கால் மட்டைகள் நாலடி ஓடினாலே கணுக்காலுக்கு நழுவிவிடும். ஹெல்மெட் கொண்டையில் இடித்துக்கொண்டு புருவத்தின் மேல் கவிழும். ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் பாபநாசம் ஏட்டையா பாவம், அலமாரியையே கலைத்துப் போட்டுத் தேடினார், “இருக்கதுலயே சின்னது இதுதாம்மா. போட்டுப் பழகுனா சரியாயிரும்” என்றார், பிறகு கேட்க வேண்டுமே என்பதற்காக, “சரியா இருக்கா?” என்றார். அவள் என்ன சொன்னாள்? சரியா இருக்கு ஏட்டையா. நினைத்துப் பார்க்கவே இல்லை, தும்மலைப் போல வந்துவிட்டது அந்தச் சொல். எங்கிருந்து வந்தது? குழுவில் எல்லோருமே அதை ஜாக்கெட் என்றுதான் சொல்வார்கள், குண்டு துளைக்காத என்கிற முன்பாதி வாயில் தேய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது, முதல்நாள் கமர் அதை மாட்டிக்கொண்டு காதருகே முணுமுணுத்தாள், “அளவு ஜாக்கெட் குடுத்துவிட்டிருந்தா தச்சுத் தந்திருப்பாவளோ என்னவோ.” இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்று அது சிரிப்பாக இல்லை.

எங்கிருந்து வந்தது அந்தச் சரியா இருக்கு... கிறிஸ்துமஸுக்கு வடக்கு ரத வீதிக் கடையில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றபோது அம்மா கடைக்காரரிடம் எப்போதும் சொல்வது, “ஒரு நம்பர் கூடவே எடுங்க அண்ணாச்சி, வளருத புள்ள.” அண்ணன் எஸ்றாவுக்குத் துணி எடுத்துத் தையற்காரரிடம் தருவார்கள், அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தோள், கை, மார்பு என்று அளப்பார், எஸ்றா கூச்சத்தில் நெளிவான், இவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இவளுக்கு ரெடிமேட். கை விரல்களைத் தாண்டித் தொங்கும் கவுன், தோளில் இரண்டு ஊக்கு, ஆராதனையில் எழுந்து நிற்கும்போது பின்வரிசையிலிருந்து யாரோ குத்துகிறார்கள் என்று நினைத்தால் ஊக்கு. “ஏட்டி, சரியா இருக்கா?” என்று அம்மா கேட்பாள், சரியா இருக்கும்மா. அம்மாவைக் குறைசொல்ல என்ன இருக்கிறது, மகள் வளர்வாள் என்று அவ்வளவு உறுதியாக நம்பிய ஒருத்தியை எப்படிக் குறைசொல்வது? ஆனால் அந்தக் கவுன் உடம்புக்கு வந்துசேர்ந்தபோது சாயம் போயிருந்தது, அதற்குள் அடுத்தது, அதுவும் ஒரு நம்பர் கூட. யோசித்தால், சரியாக இருந்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை, பெரிதாக இருந்தது, பிறகு சின்னதாகிவிட்டது. இந்த ஜாக்கெட்டும் அப்படித்தானோ? இதற்கும் வளர்ந்துவிடலாம் என்று உள்ளே எங்கோ நம்பிக்கொண்டிருக்கிறாளோ? எலும்பு வளர்கிற வயது போய் எத்தனையோ காலமாகிவிட்டது. தகடு இரும்பைப் போல விறைத்தது, பழகிப் பழகி இளகுகிற பருத்தி அல்ல. பழக வேண்டியது எது, எதற்கு?

விசில் கேட்டது, ஓடினாள். வாய்க்கால் கரையோடு, மணல் மூட்டைகளைச் சுற்றி, ஒவ்வொரு அடிக்கும் தகடு எழும்பித் தொண்டையைத் தொட்டுவிட்டு இடுப்பில் இறங்கி அடித்தது, அடிக்கட்டும், கால் நன்றாகத்தான் ஓடுகிறது, மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, சின்ன வயதிலிருந்து தாமிரபரணியில் எதிர்நீச்சல் அடித்த நெஞ்சு இது, இதற்கு மூச்சு வாங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. குட்டைச் சுவர் வந்தது, கையை ஊன்றித் தாண்டினாள், ஹெல்மெட் கண்ணை மறைத்தது, தலையை நிமிர்த்திச் சரிசெய்துகொண்டு மீண்டும் ஓடினாள். வரிசையிலிருந்து எவனோ குரல் கொடுத்தான், “தலையப் பாத்துவே, ஆள் இல்லாம ஹெல்மெட்டு மட்டும் ஓடுது.” ஓடட்டும். நேற்றும் இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. குறி வைக்கும் கோட்டில்தான்... வலது முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்தபோது நேற்று தகட்டின் கீழ்விளிம்பு தொடையில் முட்டி மேல்விளிம்பு தாடையைத் தூக்கியது, துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள்குழியில் வைக்க முடியவில்லை, குழி இருக்க வேண்டிய இடத்தில் பட்டை இருந்தது, கட்டை வழுக்கிக் கைச்சதையில் போய் நின்றது. சுட்டாள். அட்டை மனிதனின் காதுக்கு வெளியே, தலைக்கு மேலே, வானத்துக்கு. இன்ஸ்பெக்டர் குமரகுருபரன் கோபப்படக்கூட இல்லை, அதுதான் இரவெல்லாம் அறுத்தது, “பயம்மா. பயம் இருந்தா கை ஆடத்தான் செய்யும்” என்றார், மகளிடம் பேசுகிறவரைப் போல. பயமா? அது பயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் சரியாயிரும் சார் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். ஏன் சொன்னாள்? இல்லை என்று சொன்னால் பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று முடித்துவிடுவார்களே, அதனால். சுமக்க முடியாதவள் என்கிற பெயரைவிடச் சுடத் தெரியாதவள் என்கிற பெயர் மேலானதா? இரண்டுமே அவளுடைய பெயர் இல்லையே.

முழங்காலை ஊன்றினாள். தகடு ஏறித் தாடையைத் தொட்டது. கட்டை வழுக்கியது. நேற்றைப் போலவே, மயிரிழை மாறாமல். எதிரே அட்டை மனிதன் காத்திருந்தான், அவனுக்குப் பின்னால் மண்மேடு, அதற்கும் பின்னால் நீலமாகப் பொதிகை. இப்போது விசையை அழுத்தினால் குண்டு எங்கே போகும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது, தெரிந்தே சுடுவதா, தெரிந்தே தவறவிட்டு அதற்குப் பயம் என்று பெயர் வாங்குவதா... குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, விரலை விசையிலிருந்து எடுத்து, இடக்கையை உயர்த்தினாள். துப்பாக்கியில் கோளாறு என்றால் அப்படித்தான் கையுயர்த்த வேண்டும், வேறு எதற்கும் அந்தச் சைகை கிடையாது. விசில் அடித்தது, பூட்ஸ் சத்தம் நெருங்கியது. “என்னம்மா, அடச்சிக்கிட்டா?” “இல்ல சார். துப்பாக்கி நல்லா இருக்கு. ஜாக்கெட் சரியா இல்ல.” சொல்லி முடித்ததும்தான் அந்தச் சொல் எப்படி ஒலித்தது என்று அவள் காதுக்கே உறைத்தது, வரிசை குலுங்கியது, “டெய்லர்ட்ட குடுத்துப் பிடிச்சித் தைக்கச் சொல்லும்வே” என்று ஒரு குரல். “ஏலே, பல்லக் காட்டாத” என்றார் குமரகுருபரன், திரும்பிப் பார்க்காமலே. பிறகு அவளிடம், “நேத்து ஏன் சொல்லல?” நேற்றா... நேற்று மட்டுமா சொல்லவில்லை? “நேத்து சரியா இருக்குன்னு சொல்லிட்டேன் சார். அது தப்பு. இப்ப பாருங்க.” மறுபடி முழங்கால் ஊன்றி, கட்டையைத் தோளில் வைத்துக் காட்டினாள், அது வழுக்குவதை அவர் பார்த்தார். அவர் பார்வை தகட்டில் நின்றது. “தகடு உள்ளதான் இருக்கா? தட்டு.” அவள் விரல்மூட்டால் நெஞ்சில் தட்டினாள், டொக் என்று திடமான சத்தம், சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையின் கோடியில் கமர் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள், கமரின் இரண்டு கைகளும் அவளுடைய ஜாக்கெட்டின் மேல் குறுக்காகக் கட்டியிருந்தன, கடற்காற்றில் குளிர்கிறவளைப் போல. உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன் என்று கண்ணால் சொல்ல முயன்றாள், போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

“இன்னைக்கு நீ சுடல. அத நான் மாத்த முடியாது” என்றார் குமரகுருபரன். சரி சார் என்றாள், எதிர்பார்த்ததுதான், எதிர்பார்த்த இடத்தில் வலித்தது, ஆனால் எழுந்து நிற்கவேண்டும்போல இருந்தது, எழுந்து நின்றாள். அவர் போய்விடவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையைப் பலகையாக்கிக்கொண்டு, “மேல கேட்டு எழுதணும்னா அளவு வேணும்லா. உன் அளவு என்னம்மா?” என்றார். எவ்வளவு எளிய கேள்வி. வாயைத் திறந்தாள். உயரம் தெரியும், ஆள் எடுக்கும்போது அளந்தார்கள், பையன்களுக்கு மார்பளவும் எடுத்தார்கள், பெண்களுக்கு உயரம் மட்டும் போதும் என்றார்கள். காக்கிச் சட்டை தைக்க ஒரு சீனியரின் சட்டையைக் கொடுத்தாள். சித்தி மகள் கல்யாணத்துச் சேலைக்கு அம்மாவின் பழைய ரவிக்கைதான் அளவு ஜாக்கெட்டாகப் போனது, இதைவிட ஒரு விரக்கடை பிடிச்சுத் தையுங்க என்று... பிடிச்சு, விட்டு, கூட, குறைய, எல்லாம் வேறு யாருடைய உடம்பிலிருந்தோ. பேனா காத்திருந்தது. தோளுக்குத் தோள் எவ்வளவு? கழுத்துக்குழியிலிருந்து இடுப்பு வரை? அந்த நாடா ஒரு தடவைகூடத் தன் மேல் சுற்றியதே இல்லையே என்று நினைத்தபோது, தகட்டுக்குப் பின்னால், அவள் இதுவரை சரியா இருக்கு என்று சொல்லி மூடிவைத்திருந்த இடத்தில், மூச்சு ஏறி இறங்குவதை முதல்முறையாகக் கவனித்தாள். “தெரியாது சார்” என்றாள். “எடுக்கணும்.”