எதிர்ப்பு சக்தி

எனக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். என் சிறுநீரகம் ஒன்றை அவன் வயிற்றில் வைத்தபோது, அவன் உடம்பும் என்னோடு சண்டைக்கு நிற்கும் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

"வெளி ஆளுன்னு நெனச்சு அடிச்சுத் துரத்தப் பாக்கும். அதான் எதிர்ப்பு சக்தியை மாத்திரையால அடக்கி வெச்சிருக்கோம். ஆயுசுக்கும் அது அடங்கித்தான் கெடக்கணும்."

காலை எட்டு, இரவு எட்டு. தம்பி கடிகாரம் பழுது பார்ப்பவன். ஒரு நிமிஷம் பிசகமாட்டான். எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. சளியும் இருமலும் மட்டும் மாறி மாறி வந்தன. அவன் தும்மினால் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும்.

பிறகு தும்மல் நின்றுவிட்டது.

"மூணு வாரமா ஒரு சளி உண்டா? கண்ணு பட்டுடப் போவுது," என்று அம்மா பூரித்தாள். எனக்கென்னவோ அவன் கால் வீங்கியதாகப் பட்டது. செருப்பைக் கழற்றி வெகுநேரமாகியும் அவன் காலில் வார் பதிந்த பள்ளம் மறையவில்லை.

நேற்று ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின், ஒன்றே காலில் இருந்தது, மூன்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் முகம் சுண்டிவிட்டது.

"மாத்திரையை விட்டீங்களா? வேற மருந்து ஏதாவது?"

"சத்தியமா இல்ல சார்," என்றான் தம்பி.

இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவனை அழைத்துப் போக வந்தேன். அடுப்படியில் அம்மா பாலில் ஏதோ பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தேன். 'எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"மெதுவாப் பேசு, அவனுக்குத் தெரியாது. டாக்டரே சொன்னாரே, எதிர்ப்பு சக்தி அடங்கிக் கெடக்குன்னு. அதான் வேளைக்கு ரெண்டு ஸ்பூன். சளி கிட்ட வந்துச்சா பாரு!"

ஆத்திரத்தில் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி நினைவு வர, டப்பாவோடு கூடத்துக்கு ஓடினேன்.

கூடத்தில் தம்பி பையோடு உட்கார்ந்து வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கேதான் என்னுடையது இருக்கிறது.

"அக்கா, இங்க ஒரே வலியா இருக்கு."

அவன் பக்கத்தில் ஒரு டம்ளர் காலியாக இருந்தது. அம்மா என் பின்னாலேயே இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீயும் குடிடி. உனக்கும் ஒண்ணுதானே மிச்சம் இருக்கு."