லாரியை மறித்த பெண்கள்

விடியும் முன்பே முவானாஷா கையில் சாம்பல் பூசிக்கொண்டு முந்திரி ஆலையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்து எண்ணெய் தெறிக்கும்; பட்ட இடம் வெந்துபோகும். கடலோர ஊரான அங்கோஷேயில் ஆலைப் பெண்களை விரல்களைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

அன்று கொட்டை வருவது பாதியிலேயே நின்றது. கிடங்கில் மலைபோல் மூட்டைகள் கிடந்தனவே என்று எட்டிப் பார்த்தாள். சுமையாட்கள் அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் கிராமத்துக்குள் புகுந்தபோது, மரவள்ளித் தோட்டத்தில் மூச்சை அடக்கிப் படுத்துப் பிழைத்தவள் அவள். எழுந்து ஓடிய அண்ணன் பிழைக்கவில்லை.

முதலாளி ஃபிகெய்ரா வெளியே வந்தார். ஆலையை மூடுவதாகவும், கொட்டையை உடைக்காமலே இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போவதாகவும் சொன்னார்.

"எங்க வேலையில என்ன குறை கண்டீங்க ஐயா?" என்று கேட்டாள் அதிஜா. தொழிலாளர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

"உங்க மேல குறையில்லம்மா. அரசாங்கத்துக்குக் கடன் குடுக்கிற வெளிநாட்டு வங்கி, உடைக்காத கொட்டை மேல போட்ட ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொல்லுது. இல்லேன்னா அடுத்த தவணை கிடையாதாம். வரி குறைஞ்சா எல்லாக் கொட்டையும் கப்பலுக்குத்தான் போகும். ஆலை எப்படி ஓடும்?"

"அந்த வங்கிக்காரங்க வந்து எங்களைப் பாத்தாங்களா?"

"தலைநகரத்துக்கு வந்தாங்க. ஓட்டல்ல தங்கி விசாரிச்சாங்க. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும்னாங்க."

"எங்கப்பா விவசாயிதான். வந்த லாபத்தை வியாபாரி தின்னுட்டான். சரி, இந்தியாவுல இதை யாரு உடைப்பா?"

"உன்ன மாதிரி பொம்பளைங்கதான்."

"அப்போ அவங்க கையும் வேகும். அவங்க மேல எங்களுக்குக் கோபமில்ல. மூட்டை மட்டும் வெளிய போகாது."

லாரி உறுமியது. அதிஜா போய் வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு போலீஸ்காரன் எழச் சொன்னான். அவள் அசையாததால் துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். அவள் சரிந்தாள். முவானாஷா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பழையபடி படுத்துக்கொள், மூச்சு விடாதே என்றது உடம்பு. மண்ணைப் பிடித்துத் தடுமாறி, அதிஜா மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள், தனியாக.

அவள் தனியாக இருந்ததைத்தான் முவானாஷாவால் தாங்க முடியவில்லை. சுவரை விட்டுப் போய் அதிஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள், வாசல் நிறைந்துவிட்டது. லாரி ஊர்ந்து வந்து, இஞ்சின் சூடு முகத்தில் படும் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். இதற்குமேல் தன்னால் ஓட்ட முடியாது என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

முதலாளி இன்னும் அதிகப் போலீஸை அனுப்பும்படி தொலைபேசியில் பேசுவது உள்ளிருந்து கேட்டது.

"பயமா இருக்கா?" என்றாள் அதிஜா.

"உசிரே போகுது அக்கா."

"எனக்கும்தான். கையக் குடு."

வெந்த விரல்கள் வெந்த விரல்களைப் பற்றிக்கொண்டன. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.