இரும்பில் இரண்டு தும்பிகள்

டைட்டஸை அடக்கம் செய்து ஒரு மாதம் கழிந்துதான் ஜப்பானிலிருந்து அவனுடைய பெட்டி தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்தது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன், மாரடைப்பு. அவன் மனைவி செசிலி பெட்டியைத் திறந்து சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை.

அடியில், பனியனில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட இரும்பு இருந்தது. நடுவில் நீளத் துளை. அதன் இருபுறமும் இரண்டு தும்பிகள் செதுக்கப்பட்டிருந்தன. மேலெல்லாம் ஒரே கறுப்பு. பட்டறைச் சாமானாக இருக்கும் என்று நினைத்தாள். புளி வைத்து, கம்பி நாரால் மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். கைக்கு ஒரு வேலை இருந்தது. கடைசியில் இரும்பு பளபளவென்று ஆகிவிட்டது.

மறுநாள் டைட்டஸின் அறைத்தோழன் ரெனிஷ் வீடியோவில் கூப்பிட்டான். அவள் இரும்பைக் காட்டினாள். அவன் திரையை நெருங்கிப் பார்த்தான்.

"தேச்சியளா மைனி?"

"துருவா இருந்துது."

"அது வாளுக்க சாமான். பிடிக்கும் அலகுக்கும் நடுவில மாட்டுவாங்க, கை வழுக்கி அலகுல போவாம இருக்க. முந்நூறு வருசப் பழசு. அந்தக் கறுப்புதான் அதுக்க அழகு. அண்ணன் ஞாயித்துக்கிழமை எல்லாம் ஒரு வயசாளிக்க பழஞ்சாமான் கடையில உக்காந்து, மான்கொம்பு வச்சு செந்துருவ மட்டும் சுரண்டி எடுத்தாரு. எட்டு மாசம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் டைட்டஸ் ஓவர்டைம் என்று சொல்லி ஐந்தே நிமிடத்தில் போனை வைத்துவிடுவான். கோபம் வருமா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"தும்பி எதுக்கு?"

"தும்பி முன்னால மட்டுந்தான் போவுமாம், பின்வாங்காதாம். அதுனால சண்டைக்குப் போறவங்க வச்சது. 'நமக்குத் திரும்பிப் போவணும்லா லே'ன்னு அண்ணன் சிரிப்பாரு."

அவள் இரும்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கடையில சாப்பிட எதாவது குடுப்பாங்களா?"

"சோத்து உருண்டை மைனி. ரெண்டுபேருமா தின்பாங்க."

வியாழக்கிழமை ரெனிஷ் மறுபடி கூப்பிட்டான். அனுப்பினால் திரும்பக் கறுப்பேற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம்.

"வேண்டாம்" என்றாள் செசிலி. "அவரு எட்டு மாசம் தேச்சாரு. நான் ஒருநாள் தேச்சேன். இங்கயே இருக்கட்டு."

அலமாரியில் அவன் பாஸ்போர்ட்டின்மேல் இரும்பை வைத்துப் பூட்டினாள். துறைமுகத்தில் வள்ளங்கள் கரையடைந்திருந்தன. மீன் வாங்கப் போனாள்.