முப்பத்தேழாயிரம் சவுக்குக் கன்று

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதனால்தான் வானூர் போகும் பஸ்ஸில் சாலம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "யக்கா, அங்க வந்து கத்தாத. உன் வாயாலதான் எல்லாம் கெட்டுப்போவுது" என்றாள். பத்துப் பொம்பளைகள் அன்றைய உப்பளக் கூலியை விட்டுவிட்டு விசாரணைக்குப் போகிறோம். கத்துவதற்காகவா போகிறோம்? ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை.

ரெண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஏறி வந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உப்பளத்தில் வரப்புக்கு மண் அணைக்கப் போயிருந்தேன். என் மகள் தமிழ்நிலா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயசு. எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல்தான். தெற்கே அடுத்த குப்பத்துக்கு முன்னால் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே வலையும் படகும் போயின, ஒரு உயிர் போகவில்லை. எங்கள் தெருவில் பதினோரு பேர். மூணாம் நாள் உப்புப் பாத்திச் சேற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அந்த மணலில் சவுக்கு நிற்க வேண்டும். என் பிள்ளை திரும்பி வரமாட்டாள், தெரியும். ஆனால் சாலம்மாளின் ரெண்டு பிள்ளைகளும் அதே தெருவில்தானே இன்னும் தூங்குகின்றன?

அடுத்த வருஷம், கரையில் மரம் வைக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று மைக் வைத்துச் சொன்னார்கள். கமிட்டி போட்டார்கள். எங்கள் ஊர்க் கலியன்தான் அதற்குத் தலைவர். மணலில் பெரிய போர்டு ஒன்று நட்டார்கள். நட்டது அந்த போர்டு மட்டும்தான். நானும் வருஷம் முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

யார் வேண்டுமானாலும் கணக்குக் கேட்கலாம் என்று புதுசாகச் சட்டம் வந்திருப்பதாக ஜெராக்ஸ் கடை ஆரோக்கியராஜ் சொன்னான். அவனே என் பேரில் மனு எழுதி, பத்து ரூபாயும் கட்டி அனுப்பினான். சித்திரையில் பதில் வந்தது. பதினைந்து ஹெக்டேர், முப்பத்தேழாயிரம் சவுக்குக் கன்று, நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் செலவு. நட்டது ஐப்பசியில். கார்த்திகை மழையிலும் புயலிலும் அத்தனையும் அழிந்துவிட்டன என்று கடைசியில் ஒரு வரி. ஒரே தாளில் நட்டும்விட்டார்கள், சாகடித்தும்விட்டார்கள்.

"அக்கா, மரம் இல்லன்னு காட்டுனா பத்தாது" என்றான் ஆரோக்கியராஜ். "புயல்ல போயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. நடவே இல்லன்னு நிரூபிச்சாதான் மறுபடி நடச் சொல்லுவாங்க. இல்லாங்காட்டி, நட்டு முடிஞ்ச எடம்னு ஃபைல மூடிடுவாங்க. அப்புறம் அந்த மணலுக்கு ஒரு குச்சிகூட வராது."

நட்ட கூலியாட்களின் பட்டியலும் கூடவே வந்திருந்தது. அறுபது பேர். அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். என் பேர் இருந்தது. சாலம்மாள் பேர் இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் பத்துப் பேர். ஒவ்வொரு பேருக்கும் நேரே ஒரு கைநாட்டு. அடப்பாவிகளா! நாங்கள் ஐப்பசி மழையில் வேலையில்லாமல் கஞ்சிக்கு அலைந்த மாசம் அது. கத்த வாயைத் திறந்தவள், அந்தத் தாளை உற்றுப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

சுழி சுழியாக, கோடு கோடாக, அத்தனை அழகான ரேகை!

இருபது வருஷம் உப்பு வாரின கை என்னுடையது. கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழவழ என்று இருக்கும். ரேஷன் கடையில் வைத்தாலும் பேங்கில் வைத்தாலும் மை அப்பின வட்டம்தான் விழும். மழைக்காலத்தில் சும்மா இருந்தாலும் போன கோடு திரும்பி வராது. எங்கள் பத்துப் பேருக்கும் அப்படித்தான். பட்டியலில் இருப்பதோ உப்பைத் தொட்டே பார்க்காத எவனுடைய விரலோ. "மாட்டிக்கினானுங்கடி!" என்று சாலம்மாளைக் கட்டிக்கொண்டேன். தமிழ்நிலா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பத்துப் பேர் பேரிலும் ஆரோக்கியராஜே புகார் எழுதிப் போட்டான்; வானூர் ஆபீசுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. விசாரணை அதிகாரி சின்ன வயசுக்காரர். எங்களை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கலியன் வெள்ளைச் சட்டையில் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான். "எல்லாம் இவங்க வெச்சதுதான் சார். மறந்துட்டாங்க" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மைப்பெட்டியை மட்டும் கேட்டேன்.

பத்துப் பேரும் வெள்ளைத் தாளில் விரல் வைத்தோம். பத்து வட்டம். ஒரு கோடு இல்லை.

"பாருங்க சார். அந்தப் பட்டியல்ல இருக்கறது எங்க வெரலா?"

அவர் பூதக்கண்ணாடி வைத்து ரெண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்திலேயே தெரிந்தது, புரிந்துவிட்டது. எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

"புரியுதும்மா" என்றார் மெதுவாக. "ஆனா நான் எத எதோட ஒப்பிடறது? ஒப்பிடறதுக்கு ஒரு கோடாவது வேணும். இத வெச்சு நீங்கதான் தெய்வநாயகின்னுகூட என்னால எழுத முடியாது."

"கோடு இல்லாததுதான் சார் சாட்சி!"

"அதுக்கு ரூல்ல எடம் இல்லம்மா. முன்னாடி எங்கனா கவர்மென்ட்ல ரேகை வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கறேன். எம்பொண்ணு செத்ததுக்குக் காசு குடுத்தீங்களே, அந்தத் தாள்ல. அதுவும் இப்படி மொழுக்குன்னுதான் இருக்கும். எடுத்துப் பாருங்க சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்" என்று அவர் குனிந்துகொண்டார்.

"பொண்ணப் பறிகுடுத்தப்ப நான் தெய்வநாயகி. இப்ப இல்லியா?" என்று கத்தினேன். அந்தக் கட்டடமே திரும்பிப் பார்த்தது. சாலம்மாள் இந்தத் தடவை என் முந்தானையைப் பிடிக்கவில்லை. கலியன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி எழுதியதைக் கிளார்க் வாசித்தார். மனுதாரர்களின் கைரேகை தெளிவாக இல்லாததால் ஒப்பிட இயலவில்லை. கன்றுகள் நடப்பட்டு இயற்கைச் சீற்றத்தால் அழிந்ததாகக் கருதி, இக்கோப்பு முடிக்கப்படுகிறது. சாலம்மாளுக்குப் பாதி புரியவில்லை. "மறுபடி நடுவாங்களா யக்கா?" என்று காதில் கேட்டாள்.

"நகல் வாங்கிக்கினதுக்கு இங்க ஒரு கைநாட்டு வைம்மா" என்றார் கிளார்க்.

மைப்பெட்டி திறந்தேதான் இருந்தது. வைத்தேன். அதே நீல வட்டம்.

"நான்தான்னு தெரியுதா சார்?" என்று கேட்டேன்.

"தெரியுது, தெரியுது. இது போதும்" என்று மை காய ஊதிவிட்டு, ஃபைலை மூடிக் கட்டினார்.